மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில்

மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்ததும் ரேஷ்மி மேடம் செய்த முதல் வேலை, மெஷினை அணைத்து மறுபடியும் போட்டதுதான். மறுபடியும் அதே எண். மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எடீ பொன்செல்வி, நீ இதுல என்ன பண்ணினே?"

"நீங்க எழுதித் தந்ததைத்தான் மேடம் பண்ணினேன். வேற ஒண்ணுமே பண்ணலை." ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டோம் என்றுதான் நினைத்தாள். கை தானாகப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

விஷயம் இதுதான். சிறுநீரகச் செல்களை ஒரு தட்டிலுள்ள குட்டிக் குட்டிக் குழிகளில் வளர்ப்பார்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கிற ஒரு மருந்தை அவற்றின்மேல் விட்டால் செல்கள் செத்துப்போகும். அந்த மருந்து ஏறுகிற நோயாளிகளுக்குச் சிறுநீரகம் கெடுவதும் அப்படித்தான். கூடவே வேறொரு பொடியைக் கரைத்து விட்டு அந்தச் செல்களைக் காப்பாற்ற முடியுமா என்று பார்க்கிறார்கள். கடைசியில் ஒரு சாயம். உயிரோடிருக்கிற செல் பச்சையாக ஒளிரும், செத்தது ஒளிராது. மெஷின் அந்தப் பச்சையை அளந்து ஓர் எண்ணாகச் சொல்லும். பதினாறு பொடிகள் வந்து பல்லிளித்துவிட்டுப் போயிருந்தன. பதினேழாம் நம்பர், பொன்செல்வி தன் கையால் நிறுத்துக் கரைத்த பதினேழாம் நம்பர், மற்ற எல்லாவற்றையும்விட மூன்று மடங்கு ஒளிர்ந்தது.

மூன்று தடவை திருப்பிச் செய்தார்கள். மூன்று தடவையும் அதேதான். ஆய்வகத் தலைவர் நாகேஸ்வரன் சார் தன் அறையிலிருந்து எழுந்து வந்து அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். நகரத்தின் பழைய கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோரிடமும் மலையாளமும் இங்கிலீஷும்தான், பொன்செல்வியிடம் மட்டும் தமிழ். "ஆரியசாலைக்காரியாச்சே, சும்மாவா? நம்மாத்துக்கு ஏலக்காயும் கடுகும் ஒங்க அப்பா நிறுத்துக் கொடுத்துதான் வரது, கேட்டியோ? அந்தக் கை இது," என்று சொல்லிச் சிரித்தார்.

மண்ணந்தலையில் மெயின் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிறது அந்த நிலையம். அங்கே எட்டு வாரப் பயிற்சிக்கு வந்தவர்கள் ஆறு பேர். எல்லோரும் கல்லூரியில் இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ படிக்கிற பிள்ளைகள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள், தங்கள் சனத்திலிருந்து ஒருவர்கூட இப்படியொரு ஆய்வகத்துக்குள் வெள்ளைக்கோட்டுப் போட்டு நின்றதில்லை என்கிறவர்கள். அப்படிப்பட்டவர்களாகத் தேடிப்பிடித்து மருத்துவ ஆராய்ச்சி சொல்லிக்கொடுப்பதற்கென்றே அந்தப் பயிற்சி. எட்டாம் வாரம் வெளியிலிருந்து ஒரு குழு வந்து பார்க்கும். ஆறு பேரில் ஒருத்தருக்கு, ஒரே ஒருத்தருக்கு, மேற்படிப்போடு சேர்த்து இரண்டு வருடம் இங்கேயே ஆராய்ச்சி செய்ய இடம் கிடைக்கும்.

அந்த இடம் பொன்செல்விக்கு வேண்டும். வேண்டும் என்றால் சோறுபோல வேண்டும். அப்பா வேல்சாமி ஆரியசாலையில் குற்றாலலிங்கம் அண்ணாச்சியின் மசாலா மொத்தக்கடையில் இருபத்திரண்டு வருடமாகப் பொட்டலம் மடிக்கிறவர். டிகிரி முடிந்ததும் அதே கடையில் பில் போடுகிற நாற்காலி அவளுக்கு என்று அண்ணாச்சி பெரிய மனசோடு சொல்லியாயிற்று. அப்பாவுக்கு அதில் தலைகால் புரியாத சந்தோஷம். அந்த நாற்காலியை நினைத்தாலே பொன்செல்விக்குத் தொண்டையில் மிளகாய்த் தூள் போன மாதிரி இருக்கும்.

பதினேழாம் நம்பர் வந்த பிறகு, இடம் யாருக்கு என்று யாரும் கேட்கவே இல்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நீது மட்டும்தான் வாய்விட்டுச் சொன்னாள்: "உனக்குத்தான் கிட்டும். எனக்கு அசூயை உண்டு, கேட்டோ. பக்ஷே, சந்தோஷமும் உண்டு."

நீது கல்லாறுக்கு மேலே, பஸ் போகாத ஊரிலிருந்து வந்தவள். காணிக்காரப் பழங்குடிப் பெண். கல்லாறு ஸ்டாப்புக்கு வரவே ஒன்றரை மணி நேரம் நடக்கவேண்டும், அதனால் நிலையத்து ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். பேச்சில் தமிழும் மலையாளமும் அவளுக்கே உரிய வேறு சில சொற்களும் கலந்து கிடக்கும். எந்தக் குப்பியை எடுத்தாலும் அதன்மேல் ஒட்டியிருக்கிற பெயரை மூன்று தடவை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பாள். மற்றப் பிள்ளைகள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பொன்செல்வியும் சிரித்திருக்கிறாள். ஆனால் மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தை நீதுவோடுதான் பங்குபோடுவாள். பொன்செல்வி கொண்டுவருகிற புளிசாதம் தீர்ந்துபோகாமல் வீடு திரும்பியதே கிடையாது.

ஏழாம் வாரம் பதினேழாம் நம்பர் கரைசல் தீர்ந்துபோயிற்று. பொன்செல்வி குழுவுக்குக் காட்டப் போஸ்டர் தயாரித்துக்கொண்டிருந்ததால், புதிதாகக் கரைக்கச் சொல்லி நீதுவிடம் கொடுத்தார் ரேஷ்மி மேடம். நீது நிறுத்தாள், கரைத்தாள், செல்களுக்கு விட்டாள், மெஷினில் வைத்தாள். ஒன்றுமில்லை. செல்கள் அத்தனையும் செத்துக் கிடந்தன. இரண்டாம் தடவையும் அப்படியே.

"பொன்செல்வியோட குப்பியில லேசா மஞ்சள் நிறம் உண்டாயிருந்நு," என்றாள் நீது. "என்னோடதுல நிறமே இல்ல மேடம். தண்ணி மாதிரி. அது ஏன்னு நோக்கணும்."

பாவி மகள், அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். மேடம் பழைய குப்பியையும் புதுக் குப்பியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்று இளமஞ்சள், ஒன்று வெள்ளைத் தண்ணீர். அப்புறமென்ன, விஷயம் வெட்டவெளிச்சமாகிவிட்டதாக எல்லோருக்கும் தோன்றிற்று. நீது வேறு ஏதோ பொடியை எடுத்துக் கரைத்திருக்கிறாள். இல்லை இல்லை, மூன்று தடவை படித்தேன் என்று அவள் சொல்லச் சொல்ல, அவள் சொல்வது இன்னும் எடுபடாமல் போயிற்று. நாகேஸ்வரன் சார் அவளைக் கூப்பிட்டுக் கேட்கக்கூட இல்லை. மேடம் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, "ரிவ்யூக்கு முன்னாடி முடிச்சுடுங்கோ," என்றார். பொன்செல்வியும் மனசுக்குள், இவளுக்கு என்ன ஆயிற்று, இப்படிக் கோட்டைவிட்டுவிட்டாளே என்று பரிதாபப்பட்டாள்.

குழு வருவது வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, போஸ்டருக்கு ஒரு படம் எடுக்க வேண்டியிருந்ததால் பொன்செல்வி இருட்டறைக்குப் போனாள். கதவைச் சாத்தி விளக்கை அணைத்து, நீல விளக்குப் பெட்டியைப் போட்டாள். ஒரு நுங்குத் துண்டுபோலக் கிடக்கிற ஜெல்லில் டி.என்.ஏ. கோடுகள் தெரிவது அந்த வெளிச்சத்தில்தான். பெட்டிமேல் குனிந்தவள் கண்ணில் தன் கோட்டுப் பை பட்டது.

பைக்குள் ஏதோ எரிந்துகொண்டிருந்தது.

வெள்ளைக்கோட்டு அந்த விளக்கில் நீலமாகத் தெரிவது வழக்கம்தான். ஆனால் பையின் வாயில், பச்சையும் மஞ்சளுமாக ஒரு கோடு. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தீப்பற்றிக்கொண்டதோ என்று கையால் தட்டினாள். சூடு இல்லை. உள்ளே கையை விட்டு எடுத்தால், அது அவள் எப்போதும் வைத்திருக்கிற பட்டர் பேப்பர்.

பேப்பர் கதையைச் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் வாரம் பொடி நிறுக்கிற சின்னப் பிளாஸ்டிக் தட்டுகள் தீர்ந்துபோய், புதுத் தட்டுகளுக்குப் போட்ட ஆர்டர் பர்ச்சேஸ் செக்‌ஷனில் தூங்கிக்கொண்டிருந்தது. அப்போது பொன்செல்விதான், "எங்க அப்பா கடையில பட்டர் பேப்பர் உண்டு மேடம். பெருங்காயத்தூள் ஒரு பொட்டுகூட ஒட்டாது," என்றாள். மறுநாள் அப்பா அளவெடுத்துக் கத்திரித்த ஒரு கட்டுப் பேப்பரைக் கொண்டுவந்தாள். பொட்டலம் மடிக்கிற மடிப்பையும் எல்லோருக்கும் காட்டினாள். நாலு மடிப்பு, ஒரு சொருகு, பொடி சிந்தாது. மேடம் அசந்துபோய்ப் போட்டோ எடுத்தார். அந்த வாரம் அந்தப் பேப்பரில் நிறுத்தது ஒரே ஒரு பொடி. மறு வாரம் தட்டுகள் வந்துவிட்டன.

பதினேழாம் நம்பரை நிறுத்தது அந்தப் பேப்பரில்தான்.

அவள் பேப்பரைப் பிரித்தாள். மடித்த இடமெல்லாம் பொடிப்பொடியாகப் பச்சை வெளிச்சம். விரல்களைப் பார்த்தாள். பேப்பரைத் தொட்ட இரண்டு விரல் நுனியும் ஒளிர்ந்தன. மூக்கருகே கொண்டுபோனாள். முகர்ந்துதான் தெரியவேண்டுமா என்ன? பிறந்ததிலிருந்து அவள் வீட்டுத் துணிமணி, தலையணை, அப்பாவின் வேர்வை எல்லாவற்றிலும் இருக்கிற வாசனை. மஞ்சள்பொடி.

அய்யோ என்று விளக்குப் பெட்டியை அணைத்தாள்.

வெளியே வந்தவள் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மெஷின் காலியாகும்வரை காத்திருந்தாள். பேப்பர்மேல் பொடி கரைக்கிற திரவத்தை இரண்டு சொட்டு விட்டு, வழித்து, ஒரு குழியில் ஊற்றினாள். செல் கிடையாது, மருந்து கிடையாது, சாயம் கிடையாது. வெறும் குழி. மெஷினில் வைத்துப் பொத்தானை அமுக்கினாள். அரை நிமிடம். எண் வந்தது. அவள் போஸ்டரில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிற எண்ணுக்குக் கொஞ்சம் மேலேயே வந்தது.

உயிரே இல்லாத குழியில் உயிர் இருக்கிறது என்றது மெஷின். இத்தனை வாரமாகத் தூக்கிவைத்துக் கொண்டாடியது இதைத்தான். பதினேழாம் நம்பர் எந்தச் செல்லையும் காப்பாற்றவில்லை. அத்தனை பச்சையும் ஆரியசாலை மஞ்சளின் பச்சை. குப்பியின் இளமஞ்சளும் அதுதான். நீது சுத்தமான தட்டில் நிறுத்தாள், அதனால் அவளுடையது தண்ணீர் மாதிரி இருந்தது. நீது செய்தது சரி. நீது மட்டும்தான் சரி.

கடிகாரத்தில் மணி நாலரை.

போய்ச் சொல், இப்போதே போய்ச் சொல் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பில் போடுகிற நாற்காலி கண்முன் வந்து நின்றது. எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். அந்தப் பேப்பரை அப்படியே மடித்து, நாலு மடிப்பு, ஒரு சொருகு, பைக்குள் போட்டுக்கொண்டாள். கை தன் பாட்டுக்கு மடித்ததைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது.

ஐந்து மணிக்கு ரேஷ்மி மேடம் கூப்பிட்டுவிட்டார்.

மேடத்தின் மேசைமேல் ஒரு தாள். எதிரே நீது. கவனக்குறைவால் தவறான பொடியை எடுத்துவிட்டேன், பயிற்சியிலிருந்து நானே விலகிக்கொள்கிறேன் என்று மலையாளத்தில் நாலு வரி. கையெழுத்துப் போட்டால் காலேஜுக்கு எதுவும் எழுதமாட்டோம், சத்தமில்லாமல் முடிந்துவிடும் என்று மேடம் நல்லவிதமாகத்தான் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. நாளைக்குக் குழு வருகிறது, கணக்கில் இடிக்கிற ஒரு ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்.

நீது தாளை மூன்று தடவை படித்தாள். வாய்விட்டு இல்லை, உதடு மட்டும் அசைந்தது. "பேனா உண்டோ?" என்று பொன்செல்வியைக் கேட்டாள். பொன்செல்வி கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தாள். எடுக்கும்போது விரலில் அந்தப் பொட்டலம் தட்டுப்பட்டது. நீது கையெழுத்துப் போட்டாள்.

"கூடப் படிக்கிற ஒருத்தர் சாட்சிக் கையெழுத்து வேணும். நீ போடு பொன்செல்வி," என்றார் மேடம்.

அவள் போட்டாள். ஆமாம், போட்டாள். தெரிந்தே, தன் பேர் முழுவதையும் எழுதி, கீழே தேதியும் போட்டாள். பிறகு பேனாவை எங்கே வைத்தாள் என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

வீட்டுக்கு எப்படி வந்தாள், எந்த பஸ், எங்கே இறங்கினாள், ஒன்றும் மனசில் பதியவில்லை. ஆரியசாலை சந்துக்குள் நுழைந்தபோது லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா கடைக்கு உள்ளே பலகைமுன் உட்கார்ந்து ஏதோ கத்திரித்துக்கொண்டிருந்தார்.

"வா புள்ள. நாளைக்குப் பெரிய டாக்டர்மாரு வாராங்கள்லா? இந்தா, இன்னொரு கட்டு வெட்டிட்டேன். உங்க லேப்ல நம்ம பேப்பர்தான்னு அண்ணாச்சிகிட்ட சொன்னேன். அவுகளுக்கே பெருமை தாங்கல, கேட்டியா."

"அப்பா, மொதல்ல குடுத்தீங்களே ஒரு கட்டு, அதை எங்க வச்சு வெட்டினீங்க?"

"இந்தப் பலகையிலதான். பின்னே எங்க?"

பலகை முழுக்க மஞ்சள். இருபத்திரண்டு வருடத்து மஞ்சள், மரத்துக்குள்ளேயே இறங்கிப்போனது.

"நல்லாத் துடைச்சிட்டுத்தான் வெட்டினேன்," என்றார் அப்பா அவள் முகத்தைப் பார்த்து. "என் துண்டாலேயே துடைச்சேன். ஏன், அழுக்கு எதும் இருந்துச்சோ?"

துண்டும் மஞ்சள்தான். அவர் கையும், நகக்கண்ணும், கழுத்து மடிப்பும் மஞ்சள்தான். "ஒண்ணுமில்லப்பா, சும்மா கேட்டேன்," என்றாள். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. அந்தக் கட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அம்மா பொன்னம்மை நெற்றியில் கைவைத்துப் பார்த்து, காய்ச்சல் இல்லை, பரீட்சைப் பயம் என்று தீர்ப்புச் சொன்னாள். விடிந்ததும் முதல் வேலையாக சாரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்த பிறகுதான் மூச்சே சீராக வந்தது.

விடிந்தது. சார் ஆய்வகத்துக்கு வரவே இல்லை. குழுவை அழைத்துக்கொண்டு பத்தரைக்கு நேராகக் கூட்ட அறைக்கே வந்துவிட்டார். ஹாஸ்டலில் கேட்டால், நீது எட்டு மணிக்கே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாளாம்.

குழுவில் மூன்று பேர். தலைவர் சென்னையிலிருந்து வந்த டாக்டர் சுப்புலக்ஷ்மி, குட்டையாக முடி வெட்டிக்கொண்ட அம்மாள். நாகேஸ்வரன் சார் பொன்செல்வியை அறிமுகப்படுத்திப் பேசினார். எங்கிருந்து வந்தவள், அப்பா என்ன வேலை செய்கிறார், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வாசல் திறந்தால் என்னவெல்லாம் செய்து காட்டுவார்கள் என்றெல்லாம் நெஞ்சாரத்தான் சொன்னார். போஸ்டரில் பதினேழாம் நம்பர் மலைபோல நிமிர்ந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். "சொல்லும்மா," என்றார் சுப்புலக்ஷ்மி அம்மாள்.

பொன்செல்வி வாயைத் திறந்தாள். மூன்று நாளாக மனப்பாடம் செய்த இங்கிலீஷ் ஒரு வரிகூட வரவில்லை.

"கொஞ்சம் லைட்டை அணைக்கணும்," என்றாள் தமிழில்.

யாரோ அணைத்தார்கள். திரைச்சீலை ஏற்கெனவே இழுத்துவிட்டிருந்தது. அவள் இருட்டறையிலிருந்து எடுத்துவந்திருந்த நீலக் கைவிளக்கைப் போட்டு, மேசைமேல் அந்தப் பேப்பரைப் பிரித்துவைத்தாள். பச்சைக் கோடுகள் எழுந்து வந்தன. பிறகு நேற்று அப்பா கொடுத்த புதுக் கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பரப்பினாள். மேசையே எரிந்தது. அவள் பத்து விரலும் எரிந்தன.

"இது மஞ்சப்பொடி. எங்க அப்பா பொட்டலம் மடிக்கிற பலகையில இருந்து வந்தது. பதினேழாம் நம்பரை நான் இந்தப் பேப்பர்லதான் நிறுத்தேன். மஞ்சள் அதோட சேர்ந்து கரைஞ்சுபோச்சு. மெஷின் அளந்தது இதைத்தான். செல் இல்லாம, மருந்து இல்லாம, வெறும் பேப்பரைக் கழுவி வச்சுப் பார்த்தேன். அதே நம்பர் வருது." கைவிளக்கை மேசைமேல் வைத்தாள். "நீது கரைச்சதுதான் சரியானது. அவ எந்தத் தப்பும் பண்ணலை."

ரேஷ்மி மேடத்தின் கை வாயைப் பொத்திக்கொண்டிருந்தது, கைவிளக்கின் ஓரவெளிச்சத்தில் தெரிந்தது. லைட்டைப் போட்டபோது நாகேஸ்வரன் சாரின் முகத்தில் ரத்தமே இல்லை.

"யாரந்த நீது?" என்று கேட்டார் சுப்புலக்ஷ்மி அம்மாள்.

மேடம் நடந்ததையெல்லாம், நீது நிறத்தைப் பற்றிச் சொன்னது உட்பட, தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்தத் தாளையும் எடுத்துக் காட்ட வேண்டியதாயிற்று. அம்மாள் அதைப் படித்துக் கீழே வைத்தார். "கரைசலோட நிறம் வேற மாதிரி இருக்கு, ஏன்னு பார்க்கணும்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கா. ஆராய்ச்சின்னா அதுதான். இந்த எட்டு வாரத்துல இங்க சரியா வந்த ஒரே ரிசல்ட் அவளோடது. அவளைப் பார்க்காம நாங்க யாருக்கும் இடம் தரமுடியாது. திங்கக்கிழமை வரச்சொல்லுங்க." பொன்செல்வியைப் பார்த்தபோது அவர் முகம் கொஞ்சம் இளகியது. "நீ சொன்னது பெரிய விஷயம்தாம்மா. ஆனா உன் போஸ்டர்ல இப்ப ஒண்ணும் மிச்சமில்ல, இல்லையா?"

"இல்ல மேடம்," என்றாள் பொன்செல்வி.

வராந்தாவில் சார் அவளைப் பிடித்துக்கொண்டார். "ஏண்டிம்மா, என்கிட்ட நேத்திக்கே சொல்லியிருக்கப்படாதோ?" நீது கையெழுத்துப் போட்ட தாள் அவர் கையில் இருந்தது. "அந்தக் கொழந்தையை நான் ஒரு வார்த்தை கேக்கலையே. கூப்பிட்டு உக்காத்தி, என்னம்மா ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கலையே நான்." தாளை நாலாகக் கிழித்தார். கிழித்த துண்டுகளை எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நீ போன் பண்ணு. ஒன்கிட்டதான் அவ பேசுவா."

பொன்செல்வி மரத்தடிக்குப் போய்ப் போன் செய்தாள். எடுக்க மாட்டாள் என்று நினைத்தாள், இரண்டாம் மணியிலேயே எடுத்துவிட்டாள். பின்னால் பஸ்களின் இரைச்சல்.

"எங்க இருக்கே நீது?"

"நெடுமங்காடு ஸ்டாண்ட். கல்லாறு பஸ் பன்னிரண்டு மணிக்காக்கும்."

பொன்செல்வி எல்லாவற்றையும் சொன்னாள். பேப்பர், மஞ்சள், மெஷின், இருட்டு, குழு, கிழித்த தாள், திங்கட்கிழமை. மூச்சுவிடாமல் சொல்லிமுடித்தாள். மறுபக்கம் நீது அழுவது கேட்டது, அதோடு சேர்ந்து சிரிப்பதும் கேட்டது. "ஞான் பறஞ்ஞில்லே? நிறம் வேறேன்னு நான் பறஞ்ஞில்லே?"

"ஆமா, நீ சொன்னே. நீதான் சொன்னே."

"எடீ பொன்செல்வி, நீ இல்லேன்னா நான்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். "இது உனக்கு எப்போ தெரிஞ்சது?"

இன்றைக்குக் காலையில் என்று சொன்னால் முடிந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? இருட்டறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. மெஷினில் பதிவான நேரத்தை நீது போய்ப் பார்க்கப்போவதில்லை. இந்த எட்டு வாரத்தில் கிடைத்ததில் இனி அவளிடம் மிச்சமிருப்பது நீது ஒருத்திதான். ஒரே ஒரு சொல். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நேத்து," என்றாள். "மூணு மணிக்குத் தெரிஞ்சுபோச்சு. நாலரைக்கு மெஷின்ல வச்சுப் பார்த்து உறுதியாச்சு."

"நான் ஒப்புப் போட்டது அஞ்சு மணிக்கு."

"ஆமா."

"நீ என் பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தே."

"ஆமா."

"சாட்சிக்கு நீயும் போட்டே."

கண்ணீர் மூக்கு வழியாக இறங்கி வாயில் உப்புக் கரித்தது. தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

"திங்கக்கிழமை வருவேன்," என்றாள் நீது. குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "அந்த மேடத்தைப் பார்ப்பேன். சாரையும் பார்ப்பேன். எனக்கு அந்த இடம் வேணும். நீ எனக்குச் சோறு கொண்டுவர வேண்டா." ஒரு பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது. "உன்னோட பேனா என் கையில வந்துபோச்சு. ராத்திரி பையைப் பிரிச்சப்பதான் கண்டேன். இங்க ஒரு கிழக்கேகோட்டை பஸ் நிக்கிது. கண்டக்டர்கிட்ட குடுத்துவிடுதேன். ஒரு மணிக்கு வந்து வாங்கிக்கோ."

"பேனா கெடக்கட்டும் நீது, திங்கக்கிழமை நீயே—"

"இல்ல. இப்பவே குடுத்துவிடுதேன்." போன் வைக்கப்பட்டது.

ஒரு மணிக்குக் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் வெயில் மண்டையைப் பிளந்தது. நெடுமங்காடு பஸ் வந்து நின்று, ஆட்கள் முழுக்க இறங்கி, கண்டக்டர் கடைசியாகப் படியில் வந்து நின்றார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "பொன்செல்வி ஆரா?" என்று கேட்டார்.

பேனா ஒரு கிழிந்த நோட்டுத் தாளில் மடித்திருந்தது. நாலு மடிப்பு, ஒரு சொருகு. அவள் சொல்லிக்கொடுத்த மடிப்புத்தான், கொஞ்சமும் பிசகவில்லை.

"நான்தான்," என்று சொல்லி வாங்கிக்கொண்டாள்.